கெட் (get), புட் (put), நோ (know): டச்சில் எந்தச் சொல்? அகராதியா, ஆப்பா, தமிழா?

நெதர்லாந்துக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் டச்சு மொழியை ஆங்கிலத்தின் வழியாகத்தான் கற்கிறோம். பாடப்புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் சொற்பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆப் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறது. வகுப்பில் சந்தேகம் வந்தால் ஆசிரியையும் ஆங்கிலத்துக்கே தாவுகிறார். முதல் இரண்டு மாதம் வண்டி நன்றாகவே ஓடும். புக் என்றால் பூக், வாட்டர் என்றால் வாட்டெர். அப்புறம் ஒருநாள் 'கெட்' வரும், வண்டி நின்றுவிடும்.

எனக்கு அது நின்றது ஒரு திங்கட்கிழமை காலையில். தொண்டை கட்டியிருந்தது. உடம்பு சரியில்லாமல் ஆகிறது, இன்று வரமாட்டேன் என்று அலுவலகத்துக்கு டச்சில் செய்தி அனுப்ப நினைத்தேன். அகராதியில் கெட் என்பதற்கு முதலில் இருந்தது க்ரெய்ஹென். அதைப் போட்டு 'இக் க்ரெய்ஹ் ஸீக்' என்று அனுப்பிவிட்டேன். 'எனக்கு நோயாளி கிடைக்கிறது' என்பதுபோல ஒரு வாக்கியம் அது. சொல்லியிருக்க வேண்டியது 'இக் வொர்ட் ஸீக்'. க்ரெய்ஹென் என்றால் கிடைப்பது, வொர்டென் என்றால் ஆவது. தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பமாட்டார்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்ததால் நான் குழம்பினேன்.

அன்றிலிருந்து, பல பொருள் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு டச்சுச் சொல் தேட மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்: ஆங்கிலம்-டச்சு அகராதி, கைப்பேசியில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப், மூன்றாவது என் சொந்தத் தமிழ். எது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குடியேறியவர்கள் டச்சு மொழித் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லும் நெதர்லாந்தின் புதிய சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பொதுவான இலக்கு பி1 நிலை, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ2வுக்கு அடுத்த படி. பழைய ஏ2 நிலையில் தப்பும் தவறுமாகச் சமாளித்துவிடலாம். பி1இல் சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தெரியாவிட்டால் எழுத்திலும் பேச்சிலும் அடி விழும்.

அகராதி

முதலில் அகராதியைப் பற்றி. டச்சுக்காரர்கள் அகராதி என்றாலே வன் டாலெ என்பார்கள். யோஹன் ஹெண்ட்ரிக் வன் டாலெ என்பவர் ஸ்லௌஸ் என்ற எல்லையோரச் சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வேலை முடிவதற்குள் 1872இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற அகராதி 1874இல் முழுமை பெற்றது. இன்றும் அந்தப் பெயரில்தான் வருகிறது. அதன் ஆங்கிலம்-டச்சுப் பதிப்பில் தவறு கண்டுபிடிக்க நான் யார்? சிக்கல் அகராதியில் இல்லை, நாம் அதைத் திறக்கும் விதத்தில் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 400க்கு மேல் பொருள் கொடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சொல்லை இருமொழி அகராதியில் தேடினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு டச்சுச் சொற்கள் வரிசையாக நிற்கும். அவசரத்தில் இருப்பவர் கண் முதல் எண்ணோடு நின்றுவிடும். என் திங்கட்கிழமைச் செய்தி அப்படித்தான் கெட்டது. எந்தப் பொருள் வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு அகராதி தங்கம். தெரியாமல் போகிறவருக்கு அது பெயர்ப்பலகை இல்லாத கதவுகள் கொண்ட தாழ்வாரம்.

அதனால் நான் அகராதியை இப்போது தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். ஒரு டச்சுச் சொல்லை முடிவு செய்த பிறகு, டச்சு-ஆங்கிலப் பக்கத்தில் அதைத் தேடி, அங்கே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுகள் நான் சொல்ல வந்ததோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். ஒரு நிமிட வேலை. இந்த ஒரு நிமிடம் என்னைக் காப்பாற்றிய தடவைகள் ஏராளம்.

ஆப்

மொழிபெயர்ப்பு ஆப் விஷயத்தில் என் கருத்து சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. முன்பு சொல்லுக்குச் சொல் அடுக்கித் தந்தவை, இப்போது முழு வாக்கியம் கொடுத்தால் அசரவைக்கும் அளவுக்கு நன்றாகச் செய்கின்றன. 'முழு' என்பதுதான் முக்கியம். ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அதுவும் அகராதியின் முதல் எண்ணைத்தான் எடுத்துப் போடும். அப்பாயின்ட்மென்ட் என்று மட்டும் கொடுங்கள், அஃப்ஸ்ப்ராக் என்று வரும். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு அது சரி. ஒருவரைப் பதவியில் நியமித்ததைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் வேண்டியது பெனூமிங். தமிழில் ஒன்று முன்பதிவு, இன்னொன்று நியமனம், இரண்டும் பக்கத்தில்கூட வராது.

ஆப்பின் இன்னொரு குறை, அது ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லாது. இன்று விடை கிடைக்கும், நாளைக்கு அதே இடத்தில் மறுபடியும் கைப்பேசியை எடுக்க வேண்டியிருக்கும். வாடகை வீட்டுக்காரருக்கு அவசரமாகக் கடிதம் எழுத வேண்டும் என்றால் தயங்காமல் ஆப்பையே பயன்படுத்துங்கள். தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் அது ஊன்றுகோல்தான், கால் ஆகாது. பேச்சுத் தேர்வில் கணினி முன்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சொல் மனதிலிருந்து வர வேண்டும்.

தமிழ்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் டச்சுக்கு ஓடாமல், அந்த இடத்தில் தமிழில் என்ன சொல்வேன் என்று முதலில் கேட்டுக்கொள்வது. இது சுற்றுவழி மாதிரித் தெரியும். பல சொற்களில் இதுதான் குறுக்குவழி.

கெட் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடிதம் கிடைத்தது என்றால் க்ரெய்ஹென். கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிறேன் என்றால் ஹாலென். வயதாகிறது, இருட்டாகிறது, கோபமாகிறார், எல்லாம் வொர்டென். 'ஆ, புரிஞ்சிடுச்சு' என்றால் ஸ்னப்பென். பேருந்தில் ஏறுவது இன்ஸ்டப்பென், இறங்குவது அவுட்ஸ்டப்பென். காலையில் எழுவது ஒப்ஸ்டான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை இருக்கிறது, டச்சிலும் அப்படியே. ஆங்கிலம் மட்டும் நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கெட் என்கிறது. ஹாலென் சொல்லுக்கு இன்னும் இரண்டு வேலை உண்டு: ரயிலைப் பிடிப்பதும் ஹாலென், தேர்வில் தேறுவதும் ஹாலென். இந்த இரண்டைத் தமிழிலிருந்து ஊகிக்க முடியாது, மனப்பாடம்தான்.

லிவ் என்ற சொல் இன்னும் எளிது. குடியிருப்பது வோனென், உயிர்வாழ்வது லேவென். ஐன்ட்ஹோவனில் இருக்கிறேன் என்பதற்கு 'இக் வோன் இன் ஐன்ட்ஹோவன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'இக் லேஃப்' என்று தொடங்கினால், கேட்பவர் நான் வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறேன் என்று காத்திருப்பார். டைம் என்பதில் நேரம் என்றால் டெய்ட், தடவை என்றால் கேர். மூன்று தடவை என்பதை மூன்று நேரம் என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லுமா? ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் முதல் ஆண்டு முழுக்க இந்தத் தவறைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன்.

ரிமெம்பர் என்பதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மறக்காமல் மனதில் வைத்துக்கொள்வது ஒன்ட்ஹௌடென், பழையது நினைவுக்கு வருவது ஹெரின்னெரென். கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள், பாட்டி வீடு நினைவுக்கு வருகிறது. தமிழில் வினையே மாறிவிடுகிறது, பாருங்கள். சேவ் என்பதும் அப்படித்தான். ஆளைக் காப்பாற்றுவது ரெடென், பணம் சேர்த்து வைப்பது ஸ்பாரென், செலவை மிச்சம்பிடிப்பது பெஸ்பாரென், கணினியில் கோப்பைச் சேமிப்பது ஒப்ஸ்லான். மின்கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்பாரெனா பெஸ்பாரெனா என்று திணறுகிறவர்களுக்கு 'சேர்க்கிறேனா, மிச்சம்பிடிக்கிறேனா' என்ற ஒரு கேள்வி போதும்.

எல்லாவற்றிலும் மேலாக எனக்குப் பயன்பட்டது 'இஃப்'. டச்சில் இதற்கு அல்ஸ், ஒஃப் என்று இரண்டு சொற்கள். ஒரு விருந்துக்கு அழைத்த நண்பர், வருவீர்களா என்று சொல்லுங்கள் என்று செய்தி அனுப்புகிறார். டச்சில் அது ஒஃப் போட்டு வரும். வருவதானாலும் வராததானாலும் பதில் சொல்ல வேண்டும் என்று பொருள். அதையே அல்ஸ் போட்டு எழுதியிருந்தால், வந்தால் மட்டும் சொல்லுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள் என்றாகிவிடும். ஆங்கிலத்தில் இஃப் என்று எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழில் 'வந்தால்' வேறு, 'வருவீர்களா என்று' வேறு. நம் மொழி இந்த வேறுபாட்டை விகுதியிலேயே வைத்திருக்கிறது. 'ஆல்' வந்தால் அல்ஸ், 'ஆ என்று' வந்தால் ஒஃப். இலக்கணப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் பிடிபடாதது எனக்கு இப்படி ஒரே நாளில் பிடிபட்டது.

இதே மாதிரி நோ என்ற வினையிலும் ஒரு சாவி இருக்கிறது, கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நோ, தமிழில் தெரியும், இரண்டும் ஒற்றைச் சொல். டச்சில் மூன்று: வேட்டென், கென்னென், குன்னென். மேலோட்டமாகப் பார்த்தால் தமிழ் இங்கே உதவாது. ஆனால் தெரியும் என்பதற்கு முன்னால் என்ன வருகிறது என்று கவனியுங்கள். 'அவரைத் தெரியும்' என்று ஐ உருபு வந்தால் கென்னென். 'கடை மூடியிருக்கும் என்று தெரியும்' என ஒரு முழு வாக்கியமே முன்னால் வந்தால் வேட்டென். 'நீந்தத் தெரியும்' என்று வந்தால் குன்னென், அதாவது 'இக் கன் ஸ்வெம்மென்'. தெரியும் மாறவில்லை, அதன் முன்னால் இருப்பது மாறுகிறது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 'விடை தெரியும்', 'அந்தப் பாட்டு தெரியும்' இரண்டும் ஒரே அமைப்பு, ஆனால் விடைக்கு வேட்டென், பாட்டுக்குக் கென்னென். அங்கே 'பரிச்சயமா, தகவலா' என்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டோடு பரிச்சயம் உண்டு. விடை வெறும் தகவல்.

திங்க் விஷயத்திலும் இப்படித்தான். நினைக்கிறேன் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தால் டெங்கென், ஃபின்டென் இரண்டில் எது என்று தெரியாது. அவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்: இது போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம், டெங்கென். இந்த யோசனை எனக்கு நியாயமாகப் படுகிறது: இது என் கருத்து, ஃபின்டென். 'படுகிறது' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் பெரும்பாலும் ஃபின்டென் பொருந்தும். அலுவலகக் கூட்டத்தில் உங்களைப் பார்த்து 'வட் ஃபின்ட் யெ எர்ஃபன்' என்று கேட்டால், உங்களுக்கு எப்படிப் படுகிறது என்று கேட்கிறார்கள். அதற்கு டெங்கென் போட்டுப் பதில் சொன்னால் உறுதியில்லாமல் ஊகிக்கிறவர் போல ஒலிக்கும். ஒரு கருத்தைக் கருத்தாகச் சொல்ல முடிவது அலுவலகத்தில் மிகவும் முக்கியம், அதனால் இந்த ஒரு சோடியை மட்டுமாவது முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன்.

ஒரு சின்ன இளைப்பாறல். ஆஃபிஸ் என்ற சொல்லுக்கு டச்சில் கன்டோர். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், எண்பதுகளில் இங்கே வந்தவர். நான் இந்தச் சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து சொன்னபோது, "அது எங்கட சொல்லெல்லோ தம்பி, அப்பா கந்தோருக்குப் போட்டார் எண்டுதானே சொல்லுறனாங்கள்" என்றார். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரர்கள் ஆண்டபோது விட்டுச்சென்ற சொல் அது. இப்படித் தமிழிலேயே உட்கார்ந்திருக்கும் டச்சுச் சொற்களும் நமக்கு உண்டு.

தமிழும் கைவிடும் இடங்கள்

அதே அக்கா வீட்டில்தான் தமிழ் கைவிடும் இடத்தையும் தெரிந்துகொண்டேன். விருந்துக்கு மேசையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தோம். அவருடைய பேத்திக்குத் தமிழ் புரியும், பேச்சு டச்சில்தான். நான் அவளிடம் தட்டையும் முள்கரண்டியையும் வை என்று டச்சில் சொல்ல வந்து, இரண்டுக்கும் லெஹென் என்று போட்டேன். அவள் திருத்தினாள்: தட்டுக்கு ஸெட்டென், முள்கரண்டிக்கு லெஹென். ஆங்கிலத்தில் இரண்டும் புட், தமிழில் இரண்டும் வை. இரண்டு மொழியும் சேர்ந்து என்னைக் கைவிட்ட இடம் அது.

நிற்கவைப்பது ஸெட்டென், படுக்கவைப்பது லெஹென், உள்ளே திணிப்பது ஸ்டொப்பென், தொங்கவிடுவது ஹாங்கென். வைத்த பிறகு அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்பதற்கும் தனித்தனி வினைகள்: ஸ்டான் (நிற்பது), லிஹென் (படுத்திருப்பது), ஸிட்டென் (உட்கார்ந்திருப்பது), ஹாங்கென் (தொங்குவது). தமிழில் எல்லாவற்றுக்கும் 'இருக்கிறது' போதும். டச்சிலோ குளிர்பெட்டியில் பால் நிற்கும், பாலாடைக்கட்டி படுத்திருக்கும். புத்தகம் அலமாரியில் நிற்கும், மேசையில் படுத்திருக்கும். காப்பியில் சர்க்கரை உட்கார்ந்திருக்கும். செய்தித்தாளில் செய்தி நிற்கும். ஊர்கள் படுத்திருக்கும். தட்டு இவ்வளவு தட்டையாக இருக்கிறதே, அது எப்படி நிற்கும் என்று அக்காவிடம் கேட்டேன். "தட்டு நிக்கும், கரண்டி படுக்கும் தம்பி. ஏன் எண்டு கேட்டா எனக்கும் தெரியாது, ஆனா முப்பது வருசமா பிழைச்சதில்லை" என்றார். பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது: தட்டுக்கு அடிப்பாகம் ஒன்று உண்டு, அதன் மேல் அது நிற்கிறது. காலணியும் அப்படியே நிற்கும். கரண்டிக்கு அடிப்பாகம் கிடையாது. ஆனால் இதைப் பேசும்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாது. காப்பி போடுவதற்குக்கூட ஸெட்டென்தான். காப்பியை எங்கே நிறுத்துவது? இந்த வினைக் குடும்பத்துக்கு அகராதியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஒரு டச்சு வீட்டுச் சமையலறையில் பத்து தடவை நின்றால் போதும்.

சேஞ்ச் என்பதிலும் தமிழ் ஆங்கிலத்தைப் போலவே சோம்பலாக இருக்கிறது. ரயில் மாறுவது ஓவர்ஸ்டப்பென், உடை மாற்றுவது ஒம்க்லேடென், பணம் மாற்றுவது விஸ்ஸெலென், வாங்கிய சட்டையைக் கொடுத்து வேறு அளவு மாற்றிக்கொள்வது ரௌலென், குழந்தைக்கு டயப்பர் மாற்றுவது ஃபெர்ஸ்ஹோனென், படிவத்தில் விவரம் மாற்றுவது வெய்ஸிஹென், மனிதர் மாறிப்போவது ஃபெரான்டெரென். இங்கே ஆப் நன்றாக உதவும், ஒரு நிபந்தனையோடு: எங்கே, எதை என்பதை வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்க வேண்டும். 'எங்கே மாற வேண்டும்' என்று மட்டும் கேட்டால் அது ஊகிக்கும். 'எந்த ஸ்டேஷனில் வேறு ரயிலுக்கு மாற வேண்டும்' என்று கேட்டால் ஓவர்ஸ்டப்பென் வந்துவிடும்.

தமிழ் கைவிடுவது போதாதென்று தவறான பக்கம் தள்ளிவிடும் இடமும் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தின் 'யூ' என்பதும் பல பொருள் கொண்ட சொல்தான், நாம் அதை அப்படி நினைப்பதில்லை. டச்சில் யெ, ஊ, யுல்லி என்று மூன்று. நீ, நீங்கள் என்று வளர்ந்தவர்கள் நாம், மரியாதைக்கு ஊ என்று உடனே பிடித்துக்கொள்கிறோம். வயதானவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் அது சரி. ஆனால் டச்சு அலுவலகங்கள் பலவற்றில் மேலாளரையும் யெ என்றுதான் அழைப்பார்கள். நான் முதல் மாதம் முழுக்க என் மேலாளரை ஊ என்றே அழைத்தேன். 'ஸெஹ் மார் யெ' என்று அவரே சொன்னார், யெ என்றே சொல்லுங்கள் என்று. தமிழ் மனம் அதற்கு ஒத்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆனது. இங்கே தமிழைக் கேட்காதீர்கள், எதிரில் இருப்பவர் உங்களை எப்படி அழைக்கிறார் என்பதைக் கேளுங்கள்.

சில இடங்களில் டச்சுதான் சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்குவதும் கொடுப்பதும் இரண்டுமே லேனென். கற்பதும் கற்பிப்பதும் இரண்டுமே லேரென். யார் யாருக்கு என்பதை வாக்கியத்தின் மற்ற சொற்களிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது, தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் தமிழ் வழியைத்தான் சொல்வேன். கெட், டைம், லிவ், இஃப், ரிமெம்பர், சேவ், நோ, திங்க், இந்த எட்டை முதலில் தமிழில் பிரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் டச்சு, ஆங்கிலம் வேண்டவே வேண்டாம். எழுதிய ஒவ்வொன்றையும் டச்சு-ஆங்கில அகராதியில் திருப்பிப் பாருங்கள். அலுவலக மின்னஞ்சல், வீட்டுக் கடிதம், படிவம் எல்லாவற்றுக்கும் முழு வாக்கியமாக ஆப்பிடம் கேளுங்கள், வந்ததில் உங்களுக்குப் புதிதாக இருக்கும் வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு நோட்டில் சேருங்கள். தேர்வெல்லாம் இல்லை, கடைத்தெருவில் பேசினால் போதும் என்பவருக்கு நோட்டு தேவையில்லை. அவர் வாக்கியங்களை அப்படியே காதில் வாங்கிக்கொள்ளட்டும்.

புட், சேஞ்ச் இரண்டுக்கும் என் நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல் எதுவும் இல்லை. அங்கே ஒரு தட்டும் ஒரு முள்கரண்டியும் வரைந்திருக்கிறேன், கீழே ஒரு ரயிலும் ஒரு சட்டையும்.